‘எல்லாம் செட்டல், பாஸ்!’ – அதில் எது முடிந்தது?

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. பண்டமாரானில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம். முதலாளி வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: “அந்த நாற்பதடி கண்டெய்னர் என்ன ஆச்சு?” ஆவணப் பிரிவில் இருக்கும் இளம்பெண் ஒரே சொல்லில் பதில் போடுகிறார்: “செட்டல்.” சரக்கு கிடங்கில் இறங்கிவிட்டது என்று முதலாளி நிம்மதியாகிறார். வரி கட்டியாச்சு என்று கணக்குப் பிரிவு அக்கா எடுத்துக்கொள்கிறார். சுங்கம் விடுவித்துவிட்டது என்று நம்பி லோரிக்கு ஆள் சொல்கிறார் போக்குவரத்து அண்ணன். அந்தப் பெண் சொல்ல வந்ததோ ஒன்றுதான்: கே1 படிவத்தைக் கணினியில் அனுப்பியாச்சு.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் சோம்பேறியும் இல்லை. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாள் கண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்தால், திங்கட்கிழமை வரும் பில்லுக்கு யார் பொறுப்பு என்ற பஞ்சாயத்து மட்டும் நிச்சயம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் நம்மில் பலர் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘செட்டல்’ சொல்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. மலாயில் ‘செலெசை’ என்பதும் தமிழ்ப் பேச்சில் ‘முடிஞ்சது’ என்பதும் சேர்ந்து இந்த ஆங்கில வினைச்சொல்லுக்கு நம் ஊரில் ஒரு தனி வாழ்க்கையைக் கொடுத்திருக்கின்றன. பெட்ரோனாஸ் தன் பெட்ரோல் கட்டணச் செயலிக்கு ‘செட்டல்’ என்றே பெயர் வைத்தது சும்மா இல்லை. மாமாக் கடையில் இந்தச் சொல் போதும். அலுவலகத்தில் போதாது. வேலையில் உங்களுக்குப் பெயர் வாங்கித் தருவது, என்ன செய்தீர்கள் என்பதை அந்தச் செயலின் பெயராலேயே சொல்வதுதான். ‘செட்டல்’ அதை மூடி மறைத்துவிடுகிறது. எந்த இடத்தில் எந்தச் சொல் என்று பிரிவு பிரிவாகப் பார்ப்போம்.

துறைமுக வேலை: ஒரு ‘செட்டல்’, ஏழு படிகள்

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாமாகத் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம் இன்று நார்த்போர்ட், வெஸ்ட்போர்ட்ஸ் என்று விரிந்து கிடக்கிறது. 2023இல் அது கையாண்டது சுமார் 14 மில்லியன் டிஇயு, அதாவது இருபதடிக் கண்டெய்னர் கணக்கில். பண்டமாரானிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே இங்கிருந்தே தொடங்கலாம்.

இறக்குமதிக் கண்டெய்னர் ஒன்று கைக்கு வர, குறைந்தது ஏழு படிகள் தாண்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனி வினைச்சொல் இருக்கிறது:

1. டெலிவரி ஆர்டர்: கப்பல் ஏஜெண்டுக்குரிய கட்டணத்தைக் கட்டி, பில் ஆஃப் லேடிங்கை ஒப்படைத்து (டெலக்ஸ் ரிலீஸ் ஆகியிருந்தால் அதைக் காட்டி) டிஓ வாங்குவது. எழுத வேண்டியது: ‘டிஓ கலெக்டட்’.
2. சுங்க அறிவிப்பு: கே1 படிவத்தை மின்வழியில் அனுப்புவது. எழுத வேண்டியது: ‘கே1 சப்மிட்டட்’. அனுப்பியது மட்டும்தான் முடிந்திருக்கிறது, ஏற்றுக்கொண்டார்களா என்பது அடுத்த கதை.
3. வரி: தீர்வையும் விற்பனை வரியும் கட்டுவது. ‘டியூட்டி பெய்ட்’, கூடவே தொகையும் ரசீது எண்ணும்.
4. விடுவிப்பு: சுங்கம் சரக்கை விட்டது. ‘ரிலீஸ்ட்’. சோதனைக்குப் பிடித்து வைத்திருந்தால் ‘ஹெல்ட் ஃபார் இன்ஸ்பெக்ஷன்’. இதை மறைக்காதீர்கள். கெட்ட செய்தி சீக்கிரம் போனால்தான் லோரியை மாற்றி அனுப்ப முடியும்.
5. வெளியேற்றம்: கண்டெய்னர் டெர்மினல் வாசலைத் தாண்டியது. ‘கேட் அவுட்’, நேரத்துடன்.
6. ஒப்படைப்பு: வாடிக்கையாளர் கிடங்கில் இறங்கியது. ‘டெலிவர்ட்’, கையெழுத்து வாங்கியவர் பெயருடன்.
7. காலிப் பெட்டி: வெற்றுக் கண்டெய்னரைக் கப்பல் நிறுவனம் சொன்ன டிப்போவில் திருப்பிக் கொடுத்தது. ‘எம்ப்டி ரிட்டர்ன்ட்’.

ஏழாவது படியை மறப்பவர்கள் அதிகம். சரக்கு போய்ச் சேர்ந்ததும் எல்லாருக்கும் ‘செட்டல்’ ஆகிவிடுகிறது. ஆனால் காலிப் பெட்டி வாடிக்கையாளர் முற்றத்தில் கிடக்கும்வரை கப்பல் நிறுவனத்தின் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். துறைமுகத்தில் தேங்கினால் ஸ்டோரேஜும் டெமரேஜும், வெளியே எடுத்துத் திருப்பிக் கொடுக்கத் தாமதித்தால் டிடென்ஷனும் ஏறும். மூன்றும் வேறு வேறு பில்கள். எந்தப் படியில் எவ்வளவு நேரம் போனது என்று உங்கள் மெசேஜைப் பார்த்தே சொல்ல முடிந்தால், அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

தொடக்கத்தில் பார்த்த ஒற்றைச் சொல் பதிலை இப்படி மாற்றினால் போதும்: “கே1 மணி 3.50க்கு சப்மிட் பண்ணியாச்சு. அப்ரூவல் இன்னும் வரலை. வந்ததும் டியூட்டி கட்டணும். லோரி இன்னைக்கு வேண்டாம், திங்கள் காலைக்கு வைங்க.” நான்கே வாக்கியம். லோரி வீணாகப் போய் வரிசையில் நிற்காது, முதலாளியும் வாடிக்கையாளரிடம் தவறான வாக்குக் கொடுக்க மாட்டார்.

கணக்குப் பிரிவு: கட்டியாச்சா, கழிச்சாச்சா, சரிபார்த்தாச்சா?

‘இன்வாய்ஸ் செட்டல்’ என்றால் ஆங்கிலத்தில் பாக்கி முழுவதும் தீர்ந்தது என்று பொருள். நம் அலுவலகங்களில் இதற்குள் நான்கு வேலைகள் ஒளிந்திருக்கின்றன:

– முழுத் தொகையும் கட்டியாச்சு: ‘பெய்ட் இன் ஃபுல்’.
– பாதி கட்டி, மீதியைப் பிறகு தருவதாகப் பேச்சு: ‘பார்ட் பேமெண்ட்’. மீதித் தொகையும் தேதியும் கட்டாயம் வேண்டும்.
– அவர்கள் நமக்குத் தர வேண்டியதையும் நாம் அவர்களுக்குத் தர வேண்டியதையும் கழித்துக்கொண்டது: ‘ஆஃப்செட்’. நம் கணக்கர்கள் ‘கொன்ட்ரா’ என்பது இதைத்தான்.
– இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது: ‘ரெகன்சைல்ட்’. இதில் ஒரு சென் கூடக் கைமாறியிருக்காது.

தமிழில் நாம் இதையெல்லாம் குழப்பிக்கொள்வதில்லை. கடனை அடைக்கிறோம், பாக்கியைத் தீர்க்கிறோம், கணக்கை நேர் செய்கிறோம், வராத கடனைத் தள்ளுபடி செய்கிறோம். அம்மா கூட்டு கட்டியதற்கும் மளிகைக் கடைக் கணக்கைத் தீர்த்ததற்கும் ஒரே வினையைப் போட மாட்டார். ஆங்கிலத்தில் எழுதும்போது கை தடுமாறினால், முதலில் மனதில் தமிழ் வினையைப் பிடியுங்கள். ‘அடைத்தேன்’ என்றால் பெய்ட். ‘நேர் செய்தேன்’ என்றால் ரெகன்சைல்ட். ‘தள்ளுபடி’ என்றால் ரைட் ஆஃப். தமிழ் இங்கே தடையாக இருப்பதில்லை, வழிதான் காட்டுகிறது.

புகாரும் விபத்தும்: ‘ரிசால்வ்’ வேறு, ‘செட்டல்’ வேறு

வாடிக்கையாளர் புகார் வந்தது, நீங்கள் போன் செய்து மன்னிப்புக் கேட்டீர்கள். அறிக்கையில் ‘கம்ப்ளெயிண்ட் செட்டல்ட்’ என்று போட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மேலாளர் அதைப் பார்த்தால், பணம் கொடுத்துப் பேசி முடித்தீர்களா என்றுதான் கேட்பார். கோளாறின் காரணத்தைக் கண்டு சரிசெய்திருந்தால் ‘ரிசால்வ்ட்’. பதில் மட்டும் கொடுத்திருந்தால் ‘ரெஸ்பாண்டட்’. மேலிடத்துக்கு அனுப்பியிருந்தால் ‘எஸ்கலேட்டட்’. மூன்றும் மூன்று நிலைகள்.

காப்புறுதியில் இந்த வித்தியாசம் காசாகவே தெரியும். கிளெய்ம் போட்டது ‘சப்மிட்டட்’. நிறுவனம் ஒரு தொகை தருவதாகச் சொன்னது ‘ஆஃபர்ட்’. அந்தத் தொகையை நாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு, பணம் வந்த பிறகுதான் ‘செட்டல்ட்’. கையெழுத்துக்குப் பின் “இன்னும் கொஞ்சம் கூட்டித் தாருங்கள்” என்று கேட்க இடமிருக்காது.

ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. பெர்சியாரான் ராஜா மூடா மூசாவில் லேசாக உரசியதும் இறங்கி, “இருநூறு வெள்ளி, இங்கேயே செட்டல்” என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. கம்பெனி லோரியை வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். எதிர்த்தரப்புக்காரர் மறுநாள் மனம் மாறிப் புகார் கொடுத்தால், கையில் ரிப்போர்ட் இல்லாதவர் நீங்களாக இருக்கக் கூடாது. அலுவலகத்துக்குப் போடும் முதல் மெசேஜில் இடம், நேரம், வண்டி எண்கள், படங்கள் இருக்கட்டும். பேரம் பேசுவதை உரியவர் பார்த்துக்கொள்வார்.

“போய் செட்டல் பண்ணிட்டு வா”

இந்தச் சொல்லின் ஆபத்தான பொருளும் நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ‘போலே செட்டல்’ என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், ரசீது இல்லாத பணத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்துகொள்கிறோம்.

சட்டம் இதில் விளையாடுவதில்லை. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கையூட்டு கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 20 ஆண்டு வரை சிறை, கையூட்டுத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இதில் எது அதிகமோ அது அபராதம். 2020 ஜூன் 1 முதல் 17ஏ பிரிவும் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் லாபத்துக்காக ஊழியர் கையூட்டு கொடுத்தால் நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். தகுந்த தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. அதனால்தான் இப்போது பெரிய நிறுவனங்கள் தங்கள் ஏஜெண்டுகளின் மின்னஞ்சல்களைக் கூட உற்றுப் பார்க்கின்றன.

இதில் அப்பாவிகள் மாட்டிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. விடுபட்ட ஒரு இன்வாய்ஸை அதிகாரிக்கு அனுப்பிவிட்டு, குழுவில் “ஆஃபிசர் செட்டல் ஆல்ரெடி” என்று தட்டுகிறீர்கள். செய்தது நேர்மையான வேலை. எழுதியதோ, ஆறு மாதம் கழித்து ஒரு தணிக்கையாளர் படித்தால் புருவத்தை உயர்த்தும் வாக்கியம். அதற்குப் பதில்: “அதிகாரி கேட்ட இன்வாய்ஸை 2.15க்கு அனுப்பினேன். கிடைத்ததாகப் பதில் வந்தது.” இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மேலாளரே “போய் செட்டல் பண்ணிட்டு வா” என்று சொன்னால்? முறைக்க வேண்டாம், மௌனமாகவும் போக வேண்டாம். மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள்: “எந்தக் கட்டணம் பாஸ்? ரசீது யார் பேருக்கு வாங்கணும்?” முறையான வேலை என்றால் பதில் உடனே வரும். பதில் இழுத்தால் விஷயம் உங்களுக்குப் புரிந்துவிடும். வேண்டாம் என்று விலகிக்கொள்ள அதுவே நேரம்.

வேலையை விடும்போது: ஒரு கையெழுத்தின் விலை

ராஜினாமா செய்தாலும் நிறுத்தப்பட்டாலும், கடைசி நாளில் ஒரு தாள் நீட்டப்படலாம். அதில் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்’ என்று இருந்தால் நின்று படியுங்கள். இனி இந்த நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதுதான் அதன் சாரம். பணம் வாங்கியதற்கு மட்டும் ஒப்புகை தருவது ‘ரிசீவ்ட்’. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் பலர்.

கையெழுத்துக்கு முன் சரிபார்க்க:

– கடைசி மாதச் சம்பளம். நோட்டீஸ் முடிந்து முறைப்படி வேலையை விட்டால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி கடைசி நாளுக்குள் கைக்கு வர வேண்டும்.
– எடுக்காத ஆண்டு விடுமுறைக்கான பணம்.
– ஓவர்டைம், கமிஷன், அலவன்ஸ் பாக்கி.
– இபிஎஃப், சொக்சோ சந்தா முழுவதும் ஏறியிருக்கிறதா என்று உங்கள் கணக்கில். இபிஎஃப் சந்தாவை முதலாளி மறு மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

நியாயமின்றி நீக்கப்பட்டதாக நினைத்தால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பதற்கும் ‘செட்டில்மெண்ட்’ என்றுதான் பெயர். அது முறையான பொருள், அங்கே இந்தச் சொல்லுக்கு உரிமை இருக்கிறது. பேச்சு முறிந்தால்தான் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். “பாஸ் செட்டல் பண்றேன்னு சொன்னாரு” என்று காத்திருந்தே 60 நாளையும் கடத்திவிடாதீர்கள். என்ன தொகை, எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள்.

நேர்முகத் தேர்வு: பின்னால் ஒட்டும் குட்டிச் சொல்லில் கவனம்

ஆங்கில வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டினால் பொருளே மாறிவிடும். ‘செட்டல்’ இதற்கு நல்ல உதாரணம்.

‘செட்டல் இன்’ – புது இடத்துக்குப் பழகிக்கொள்வது. “புதிய குழுவில் இரண்டு வாரத்தில் செட்டல் இன் ஆனேன்” என்று சொல்லலாம், தவறில்லை.

‘செட்டல் டவுன்’ – ஓரிடத்தில் நிலைத்துக் குடும்பம் நடத்துவது. “ஐ வாண்ட் டு செட்டல் டவுன்” என்று தேர்வாளரிடம் சொன்னால், நீண்ட காலம் இங்கே வேலை செய்ய விரும்புகிறேன் என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். கல்யாணம் ஆகப்போகிறது என்று நினைப்பார். சொல்ல வேண்டியது ‘க்ரோ’, ‘ஸ்டே’, ‘பில்ட் எ கரியர்’.

‘செட்டல் ஆன்’ – பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ‘செட்டல் அப்’ – பில்லைக் கட்டுவது.

‘செட்டல் ஃபார்’ – எதிர்பார்த்ததைவிடக் குறைவானதற்கு ஒப்புக்கொள்வது. சம்பளப் பேச்சில் இதை வாய் தவறியும் சொல்லாதீர்கள். “ஐ கேன் செட்டல் ஃபார் 2,500” என்றால் இதற்கு மேல் தகுதி என்று நானே நினைத்தேன், பரவாயில்லை இறங்கி வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். “மை எக்ஸ்பெக்டேஷன் இஸ் 2,800, ஐ ஆம் ஓபன் டு டிஸ்கஸ்” என்று சொல்லிப் பழகுங்கள். இறங்கி வருவதற்கும் ஒரு தரை உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் சிறு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். அதற்குக் கீழே ‘செட்டல்’ ஆகச் சொன்னால் சட்டம் உங்கள் பக்கம்.

ரெசுமேயில் ‘செட்டல்’, ‘ஹேண்டல்’ இரண்டையும் அடித்துவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள்:

“செட்டல் ஷிப்பிங் டாக்குமெண்ட்ஸ்” – வேண்டாம். “கே1, கே2 அறிவிப்புகளைத் தயாரித்துச் சமர்ப்பித்தேன், டிஓ பெற்று, கேட் அவுட் வரை பின்தொடர்ந்தேன்” – வேண்டும். கே1 இறக்குமதி, கே2 ஏற்றுமதி என்று தெரிந்த ஆள் நீங்கள் என்பது இந்த ஒரே வரியில் வந்துவிடுகிறது.

“செட்டல் கஸ்டமர் ப்ராப்ளம்” – வேண்டாம். “தாமதமான டெலிவரி புகார்களின் காரணத்தைக் கண்டறிந்து, லோரி அட்டவணையை மாற்றினேன்” – வேண்டும்.

“செட்டல் அக்கவுண்ட்ஸ்” – வேண்டாம். “மாதந்தோறும் சப்ளையர் ஸ்டேட்மெண்டுகளை ஒப்பிட்டு, வித்தியாசங்களைச் சரிசெய்தேன்” – வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு வரியும் ஒரு வினையில் தொடங்கட்டும்: ப்ரிப்பேர்ட், சப்மிட்டட், ட்ராக்ட், ரெகன்சைல்ட், நெகோஷியேட்டட். செய்யாததைப் போடாதீர்கள், அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

கட்டுமானத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக

கிள்ளான் கடலோரத்து மண் மிருதுவான சேற்றுக் களிமண். அதன்மேல் எழுப்பிய தளம் மெல்லக் கீழிறங்குவதைப் பொறியாளர்கள் ‘செட்டில்மெண்ட்’ என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்தது என்ற நினைப்பில் மேற்பார்வையாளர் “ஃப்ளோர் செட்டல்ட்” என்று அறிக்கை அனுப்பினால், பொறியாளர் அலறியடித்து ஓடி வருவார். ‘கம்ப்ளீட்டட்’ என்று போடுங்கள்.

அப்படியானால் இந்தச் சொல்லைத் தொடவே கூடாதா?

தாராளமாகத் தொடலாம், உரிய இடத்தில். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் 1826இல் ஒரே நிர்வாகத்தில் சேர்த்து வைத்த பெயர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’. அவசரகாலத்தில், 1950இன் பிரிக்ஸ் திட்டப்படி மக்களை ஓரிடத்தில் குடியமர்த்தி உருவாக்கிய புதுக்கிராமங்களில் பண்டமாரானும் ஒன்று. அதற்கு ஆங்கிலக் கோப்புகளில் ‘ரீசெட்டில்மெண்ட்’ என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘இருக்கை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது இந்த வினை. இருக்கையில் அமர்வதுபோல ஒன்று அசையாமல் நிலைகொள்வதுதான் இதன் அடிப்படைப் பொருள். எனவே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த விஷயம் இனி அசையாதா? கடன் தீர்ந்தது, வழக்கு சமரசமானது, கிளெய்ம் பணம் கணக்கில் விழுந்தது. இங்கெல்லாம் ‘செட்டல்ட்’ போடலாம். நாளைக்கு யாராவது மறுபடி தொட வேண்டிய வேலை என்றால் போடக் கூடாது.

நாளைக் காலை முதல் ஒரு பழக்கம். “செட்டலா?” என்று யார் கேட்டாலும் மூன்று துண்டாகப் பதில் சொல்லுங்கள்: எது முடிந்தது, எப்போது முடிந்தது, எது பாக்கி. மூன்றாவது துண்டைத் தானாகச் சொல்பவரைத்தான் மேலாளர்கள் அடுத்த பதவிக்கு யோசிக்கிறார்கள். பாக்கி எதுவும் இல்லை என்றால் அதையும் சொல்லிவிட்டு, பிடித்திருந்தால் கடைசியில் ஒரு ‘செட்டல்’ சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அது உண்மையாக இருக்கும்.